விருந்தினரா, வாடிக்கையாளரா?



2019ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் இரண்டு வாழைப்பழங்களைப் பற்றி நாடே பேசியது. திரைப்பட நடிகர் ராகுல் போஸ் அப்போது சண்டிகர் நகரிலுள்ள ஜே.டபிள்யூ. மேரியட் என்னும் நட்சத்திர விடுதியில் தங்கியிருந்தார். உடற்பயிற்சி செய்துகொண்டிருந்த வேளையில் இரண்டு வாழைப்பழம் கேட்டார். பழம் வந்தது. கூடவே பில்லும் வந்தது. அதிலிருந்த தொகை 442 ரூபாய் 50 காசு! பழத்தின் விலை 375 ரூபாய். அதன்மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. வரி 67 ரூபாய் 50 காசு. அழகான அறை, குறையில்லாத வசதி. ஆனால் இரண்டு பழத்துக்கு இந்த விலையா என்று அவர் ஒரு காணொளியில் வியந்து பேசினார். நாடு நகைத்தது.

சில நாட்களுக்குள் சண்டிகர் கலால் மற்றும் வரித்துறை விசாரித்து, விடுதிக்கு 25,000 ரூபாய் அபராதம் விதித்தது. எதற்காக? அதிக விலைக்காக அல்ல. புதிய பழங்களுக்கு வரிவிலக்கு இருக்க, அவற்றின்மேல் வரி வசூலித்தார்கள் என்பதே குற்றச்சாட்டு. விடுதி உரிமையாளர்களின் கூட்டமைப்போ, "நாங்கள் பழக்கடை நடத்தவில்லை, இடம், தட்டு, பரிமாறும் கை எல்லாவற்றையும் சேர்த்தே விலை வைக்கிறோம், விடுதியில் பரிமாறும் உணவுக்கு வரி உண்டு" என்ற கருத்தில் விடுதிக்காகப் பரிந்து பேசியது.

கேட்டவர்களில் பெரும்பாலோர் விலையைப் பற்றியே கோபப்பட்டார்கள். சட்டமோ வரியைப் பற்றியே கேட்டது. ஒரு பெரிய விடுதியில் நமக்கு உண்டாகும் மனவருத்தம் ஒன்று, நியாயமான குறை வேறொன்று. இவ்விரண்டையும் பிரித்தறியத் தெரியாதவர் வீணாகச் சண்டையிடுவார், அல்லது கேட்க வேண்டியதைக் கேட்காமல் மௌனமாய்த் திரும்புவார்.

நமக்கும் இதற்கும் என்ன?

"பாஸ்டர், நட்சத்திர விடுதியெல்லாம் நமக்கெதற்கு?" என்று சிலர் கேட்கலாம். நாம் வாழும் ஏ.எஸ்.ராவ் நகரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1967ஆம் ஆண்டில் ஐதராபாத்தில் தொடங்கப்பட்ட ஈ.சி.ஐ.எல். நிறுவனத்தை உருவாக்கிய விஞ்ஞானி டாக்டர் ஏ.எஸ்.ராவ் அவர்களின் பெயரைத் தாங்கி, உழைக்கும் மக்களின் குடியிருப்பாக வளர்ந்த பகுதி இது. வேலை தேடி இந்நகருக்கு வந்த நம் குடும்பங்களில் முதல் தலைமுறைக்கு ஓட்டல் என்றால் இட்லியும் காப்பியும் கிடைக்கும் இடம். இரண்டாம் தலைமுறையோ நகரத்தின் மறுகோடியிலுள்ள மாதாப்பூரிலும் ஹைடெக் சிட்டியிலும் கணினி முன் அமர்ந்திருக்கிறது. நிறுவனப் பயிற்சிக்கு நட்சத்திர விடுதி, நண்பரின் திருமணத்துக்கு நட்சத்திர விடுதி, பெற்றோரின் திருமண நாளுக்குப் பிள்ளைகள் வாங்கித்தரும் பரிசும் அங்கே ஓர் இரவு என்றாகிவிட்டது. வேறு சில வீடுகளின் பிள்ளைகளோ அதே விடுதிகளில் சீருடை அணிந்து படுக்கை விரிக்கிறார்கள், பெட்டி சுமக்கிறார்கள், சமையற்கட்டில் நிற்கிறார்கள். ஒரே ஆராதனையில் இவ்விரு சாராரும் அருகருகே அமர்ந்திருக்கிறார்கள். ஆகவே இது நம்முடைய பொருளே.

சத்திரம் முதல் நட்சத்திர விடுதி வரை

தமிழ் மண்ணில் வழிப்போக்கருக்குச் சத்திரம் இருந்தது. இராமேசுவரம் செல்லும் யாத்திரிகர்களுக்காகத் தஞ்சை மராத்திய மன்னர்கள் சத்திரங்களை அமைத்தார்கள். ஒரத்தநாட்டிலுள்ள முக்தாம்பாள் சத்திரம் இரண்டாம் சரபோஜி மன்னர் அமைத்தது. மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் பேணி வளர்த்த அதே சரபோஜிதான். அச்சத்திரங்களில் சோறும் இடமும் இலவசம். வந்தவர் விருந்தினர்; குறை சொல்லும் எண்ணமே அவருக்கு எழாது.

நம் ஐதராபாத்திலோ ஃபலக்நுமா அரண்மனை இருக்கிறது. 1884ஆம் ஆண்டில் பிரபு விகார்-உல்-உம்ரா கட்டத் தொடங்கிய அந்த மாளிகை, பின்னர் ஆறாம் நிஜாம் மஹபூப் அலி கானின் வசமாகி, அரச விருந்தினர் மாளிகையாய் விளங்கியது. நூற்றொருவர் ஒருசேர அமர்ந்து உண்ணும் மேசை அங்கே உண்டு. அந்நாளில் நிஜாமின் அழைப்பு பெற்றவரே அம்மேசையில் அமர முடியும். அவர் காசு கொடுக்க வேண்டியதில்லை. 2010 நவம்பர் முதல் அது தாஜ் நிறுவனம் நடத்தும் விடுதி. இன்று அழைப்பு வேண்டாம், பணம் போதும்.

கதவைத் திறக்கும் காவலர் இன்றும் நம்மை "விருந்தினர்" என்றே வணங்குகிறார். ஆனால் வரவேற்பு மேசையில் நம் அடையாள அட்டையையும் முன்பணத்தையும் பெற்றுக்கொள்ளும் அந்த நிமிடத்திலேயே நாம் வாடிக்கையாளராகிவிடுகிறோம். இதில் தவறொன்றுமில்லை. விருந்தினர் என்னும் சொல்லில் மயங்கி வாடிக்கையாளரின் உரிமையை மறப்பதும், பணம் கொடுத்தோம் என்ற எண்ணத்தில் பணிவிடை செய்பவரும் மனிதர் என்பதை மறப்பதுமே தவறு.

எது உரிமை, எது உரிமையன்று?

முதலாவது, விலை. தண்ணீர்ப் புட்டியில் அச்சிட்ட விலைக்கு மேல் விடுதியில் வாங்கலாமா என்ற வழக்கில், 2017 டிசம்பரில் உச்சநீதிமன்றம், "வாங்கலாம்" என்றே தீர்ப்பளித்தது. அங்கே விற்கப்படுவது வெறும் தண்ணீர் அல்ல. இருக்கையும் சூழலும் பணிவிடையும் அதனோடு சேர்ந்தவை என்பது காரணம். ஆகவே அறையின் சிறு குளிர்பெட்டியிலுள்ள பொருள்களை விலைப்பட்டியல் பாராமல் எடுத்துவிட்டு, புறப்படும்போது வாதாடுவதில் பயனில்லை. எது இலவசம், எது விலைக்குரியது என்று முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, வரி. 2025 செப்டம்பர் 22 முதல் நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரை வாடகையுள்ள அறைக்கு 5 விழுக்காடும், அதற்கு மேற்பட்ட அறைக்கு 18 விழுக்காடும் ஜி.எஸ்.டி. உண்டு. 7,000 ரூபாய் அறைக்கு நாம் கொடுப்பது 7,350. 8,000 ரூபாய் அறைக்கோ 9,440. வாடகையில் ஆயிரம் ரூபாய் வித்தியாசம், கையிலிருந்து போவதில் இரண்டாயிரத்துக்கு மேல்! பிள்ளைகள் முன்பதிவு செய்யும்போது இந்தக் கணக்கைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது, சேவைக் கட்டணம். இது வரி அல்ல. விடுதியோ உணவகமோ தானாகச் சேர்ப்பது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று, வாடிக்கையாளரைக் கேளாமல் உணவுப் பில்லில் இதைச் சேர்க்கக்கூடாது என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. விடுதி, உணவக உரிமையாளர் சங்கங்கள் எதிர்த்து வழக்காடின. 2025 மார்ச் 28 அன்று டெல்லி உயர்நீதிமன்றம் அவ்வழிகாட்டுதலை உறுதி செய்தது. ஆகவே பில்லில் அது இருந்தால், "இதை நீக்கிக் கொடுங்கள்" என்று அமைதியாகக் கேட்கலாம். மறுத்தால் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். மனமுவந்து கொடுக்கும் டிப்ஸ் வேறு. அதை நாமே பணி செய்தவர் கையில் கொடுப்பது நலம்.

நான்காவது, பாதுகாப்பு. 1998ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் தேதி இரவு, ஒருவர் டெல்லியிலுள்ள தாஜ் மஹால் விடுதிக்குத் தம் மாருதி ஜென் காரில் வந்தார். சாவியை விடுதிப் பணியாளரிடம் ஒப்படைத்துவிட்டு உள்ளே சென்றார். திரும்பி வந்தபோது கார் இல்லை. வேறொரு காரில் வந்திருந்த இளைஞர்களில் ஒருவன், மேசையிலிருந்த சாவியை எடுத்து அந்தக் காரை ஓட்டிச் சென்றிருந்தான். காப்பீட்டு நிறுவனம் உரிமையாளருக்கு 2,80,000 ரூபாய் கொடுத்துவிட்டு, அவரோடு சேர்ந்து விடுதியின்மேல் வழக்குத் தொடுத்தது. "வாகனம் உரிமையாளரின் சொந்தப் பொறுப்பில்" என்று சீட்டில் அச்சிட்டிருக்கிறோமே என்றது விடுதி. 2019 நவம்பர் 14 அன்று உச்சநீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சாவியைப் பெற்றுக்கொண்ட பின் தன் பணியாளரின் கவனக்குறைவுக்கு விடுதியே பொறுப்பு, சிறிய எழுத்தில் அச்சிட்ட வாசகத்தைக் காட்டித் தப்ப முடியாது என்றது. அந்த நியாயம் நிலைநாட்டப்பட இருபத்தொரு ஆண்டுகள் சென்றன.

ஒரே நிறுவனம், இரு முகங்கள்

கார் வழக்கில் வாதாடிய விடுதியை நடத்தும் அதே நிறுவனம்தான் மும்பையில் 1903ஆம் ஆண்டு திறக்கப்பட்ட தாஜ் விடுதியையும் நடத்துகிறது. 2008 நவம்பர் 26 இரவு பயங்கரவாதிகள் அதற்குள் நுழைந்தபோது நடந்தது நமக்குத் தெரியும். அங்கே உயிரிழந்த 31 பேரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் விடுதியின் ஊழியர்கள். பின்கதவுகளும் இரகசிய வழிகளும் அவர்களுக்குத் தெரியும், முதலில் தப்பியிருக்கலாம். அவர்களோ விருந்தினரை முன்னே அனுப்பித் தாங்கள் பின்னே நின்றார்கள். பொது மேலாளர் கரம்பீர் காங் அவர்களின் மனைவியும் இரு மகன்களும் அந்தத் தீயில் மாண்டார்கள். அவரோ மற்றவர்களைக் காப்பாற்றும் பணியைத் தொடர்ந்தார்.

ஓர் இடத்தில் ஒரு காருக்காக இருபத்தொரு ஆண்டு வாதம். மற்றோர் இடத்தில் முன்பின் அறியாதவருக்காக உயிரையே கொடுத்தல். எது உண்மையான தாஜ் என்று கேட்டால் என்ன சொல்வது? இரண்டும் உண்மையே. நிறுவனம் ஒப்பந்தத்தின்படி பேசுகிறது. மனிதர் சில வேளைகளில் ஒப்பந்தத்துக்கு மேலாக நடக்கிறார்கள். எந்த ஒப்பந்தத்திலும் "உயிரைக் கொடுப்போம்" என்று எழுதப்படவில்லை. எந்தப் பில்லிலும் அதற்கு விலை குறிக்கப்படவில்லை.

நான் கண்டது

சில ஆண்டுகளுக்கு முன், இந்நகரின் மறுகோடியில் நடந்த ஒரு திருமணத்துக்கு ஜெபிக்க என்னை அழைத்த குடும்பத்தார், பெரிய விடுதி ஒன்றில் இரண்டு இரவு தங்க ஏற்பாடு செய்திருந்தார்கள். பெயர் இங்கு அவசியமில்லை. அறை விசாலம், விரிப்பு வெண்மை, காலை ஆகாரத்தில் இட்லி முதல் எனக்குப் பெயர் தெரியாத பண்டங்கள் வரை இருந்தன. ஆனால் முதல் இரவு, கீழ்த்தளத்து விருந்து மண்டபத்தின் இசை என் கட்டிலையே அதிரச் செய்தது. மூன்று முறை தொலைபேசியில் அழைத்தேன். "இதோ குறைத்துவிடுகிறோம், சார்" என்று மூன்று முறையும் இனிமையாகவே பதில் வந்தது. இசையோ நள்ளிரவுக்குப் பின்னும் ஓயவில்லை.

மருந்து உட்கொள்ள வெந்நீர் கேட்டேன். கொண்டுவந்த இளைஞர் என் மேசையிலிருந்த தமிழ் வேதாகமத்தைப் பார்த்து, "ஐயா தமிழா?" என்றார். தேனிப் பக்கத்துப் பிள்ளை. தம் வேலை நேரம் முடிந்து அரைமணி ஆகியும் பிளாஸ்கில் வெந்நீர் நிரப்பி வந்திருந்தார். உறங்க முடியாத நிலையைக் கண்டு, தாமே மேற்பார்வையாளரிடம் சென்று பேசி, பின்புறத்து அறையொன்றுக்கு என் பெட்டியைச் சுமந்து சென்றார்.

மறுநாள் காலையில் கருத்துச் சீட்டு வந்தது. அதை நான் கையில் எடுத்தபோது அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "ஐயா, இரைச்சல் என்று மட்டும் எழுதினால், அந்த மாடியில் யார் பொறுப்பு என்றுதான் முதலில் கேட்பார்கள்."

யோசித்துப் பாருங்கள். மண்டபத்தை நள்ளிரவு தாண்டி வாடகைக்கு விட்டது அவரா? அதற்கு மேலேயே உறங்கும் அறையை வைத்தது அவரா? ஆயினும் புகார் ஏணியின் மேல்படியில் ஏறுவதில்லை. கீழ்ப்படியில் நிற்பவரின் தலைமேல் இறங்குகிறது.

நான் சீட்டை ஒதுக்கிவிட்டு மேலாளருக்குக் கடிதம் எழுதினேன். எந்த அறை, எத்தனை மணி, எத்தனை முறை அழைத்தேன், என்ன பதில் வந்தது என்று வரிசையாகக் குறித்தேன். குறை மண்டபத்தின் நேர ஏற்பாட்டைப் பற்றியது, மாடியின் பணியாளரைப் பற்றியதல்ல என்று தெளிவாக எழுதினேன். அந்த இளைஞரின் பெயரைத் தனிப் பத்தியில் எழுதி, அவர் செய்ததைப் பாராட்டினேன். ஒரு வாரத்தில் வருத்தம் தெரிவித்துப் பதில் வந்தது. பணம் எதுவும் திரும்ப வரவில்லை. மண்டபத்தின் நேரம் மாறியதா என்பதும் அதில் இல்லை. ஆனால் அந்தப் பிள்ளையின் பெயர் மேலாளரின் மேசைக்கு ஒரு நற்காரியத்தோடு சென்றது.

குறை சொல்லும் முறை

குறை சொல்வது அன்புக்கு விரோதம் என்று நம்மில் சிலர் எண்ணுகிறார்கள். அப்படியல்ல. கொடுத்த வாக்கை நிறைவேற்றும்படி கேட்பது நியாயம். நாம் கேட்பதால் அடுத்து வருபவருக்கும் நன்மை. வேறு சிலரோ கொடுத்த ஒவ்வொரு ரூபாய்க்கும் ஒரு வணக்கம் எதிர்பார்த்து, மகன் வயதுள்ள பிள்ளையைப் பலர் முன்னிலையில் அதட்டுகிறார்கள். இதுவும் தகாது. ஆகவே சில ஆலோசனைகள்:

1. முன்பதிவின்போதே வாடகை வரியோடு சேர்ந்ததா, காலை ஆகாரம் அடங்கியதா, எத்தனை மணிக்கு அறை கிடைக்கும், எத்தனை மணிக்குக் காலி செய்ய வேண்டும் என்று கேட்டு, பதிலை எழுத்தில் பெறுங்கள்.

2. அறைக்குள் சென்றவுடன் குழாய், பூட்டு, குளிர்சாதனம் ஆகியவற்றைப் பாருங்கள். பழுதிருந்தால் அப்போதே சொல்லுங்கள். புறப்படும் நாளில் சொன்னால் அது வெறும் முறையீடாகவே நிற்கும்.

3. சாவியையோ விலையுயர்ந்த பொருளையோ ஒப்படைத்தால் சீட்டுப் பெறாமல் நகராதீர்கள்.

4. குறையைத் தீர்க்க அதிகாரம் உள்ளவரிடம் சொல்லுங்கள். அதிகாரம் இல்லாதவரிடம் கோபப்படுவதால் குறை தீராது. ஒரு மனிதரின் நாள் மட்டும் கெடும்.

5. இறுதிப் பில்லை வரி வரியாக வாசியுங்கள். விளங்காததைக் கேட்க வெட்கப்பட வேண்டாம்.

6. நன்மை செய்தவரின் பெயரைக் கேட்டு எழுத்தில் பாராட்டுங்கள். அது அவருடைய வேலைக்குத் துணையாகும்.

இரண்டு பணமும் ஒரு வாக்கும்

ஆண்டவர் சொன்ன நல்ல சமாரியன் உவமையில் நாம் அதிகம் கவனியாத ஒருவர் உண்டு. அவர் சத்திரத்தான். சமாரியன் அவர் கையில் இரண்டு பணம் கொடுத்தான்; அதிகம் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகச் சொன்னான். இது ஒரு வியாபார ஏற்பாடே. கட்டணம் உண்டு, நிபந்தனை உண்டு. ஆனால் காயப்பட்ட ஓர் அந்நியனை ஏற்றுக்கொண்டு, வழிப்போக்கன் ஒருவனின் வாய்ச்சொல்லை நம்பி மீதிச் செலவைத் தானே செய்ய வேண்டிய இடத்தில் அந்தச் சத்திரத்தான் நிறுத்தப்பட்டான். இரண்டு பணம் கணக்கிலே வரும்; அந்த நம்பிக்கை எந்தக் கணக்கிலே வரும்?

1898ஆம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்திலுள்ள பாஸ்கோபல் என்னும் ஊரில், சென்ட்ரல் ஹவுஸ் என்ற விடுதிக்கு ஜான் நிக்கல்சன் என்னும் விற்பனைப் பிரதிநிதி வந்தார். விடுதி நிறைந்திருந்தது, தனி அறை இல்லை. சாமுவேல் ஹில் என்னும் முன்பின் அறியாத வேறொரு பிரதிநிதியோடு ஒரே அறையைப் பகிர்ந்துகொள்ள வேண்டியதாயிற்று. இன்று அப்படி ஓர் அறை கொடுத்தால் நாம் எவ்வளவு கடுமையாக எழுதுவோம்! அன்றிரவு நிக்கல்சன் வேதம் வாசிக்க அமர்ந்தபோது, ஹில்லும் விசுவாசி என்று தெரியவந்தது. இருவரும் சேர்ந்து ஜெபித்தார்கள். அந்த அறிமுகத்திலிருந்து 1899 ஜூலையில் கிதியோன் சங்கம் பிறந்தது. 1908ஆம் ஆண்டில் மொன்டானா மாநிலத்து விடுதியொன்றின் அறைகளில் அவர்கள் முதன்முதலாக வேதாகமங்களை வைத்தார்கள். இன்றும் பல விடுதிகளில் மேசையறையைத் திறந்தால் நாம் காணும் அந்தப் புத்தகத்தின் வரலாறு இதுவே.

ஆகையால், அன்பானவர்களே, அடுத்த முறை பிள்ளைகள் உங்களை ஒரு பெரிய விடுதிக்கு அழைத்துச் சென்றால் அஞ்சாமல் செல்லுங்கள். கணக்கைச் சரியாகக் கேளுங்கள். குறையிருந்தால் உரியவரிடம் சொல்லுங்கள். உங்கள் பெட்டியைச் சுமந்து வரும் பிள்ளையின் பெயரையும் ஊரையும் கேளுங்கள். தன் தாயை விட்டு ஐந்நூறு மைலுக்கு அப்பால் வந்து, நம்மைப் போலவே இந்நகரில் அந்நியராய் வாழ்பவர் அவர்.